அந்த இரண்டாவது டியூபை வாங்கிக் கொடுத்தது நான்தான்

எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் என் தையல் மெஷின் இருக்கிறது. ஏரியூர் பஸ் ஸ்டாப்பில் இருந்து நடந்து வரும் தூரம்தான் என்பதால், சுற்றுவட்டக் கிராமங்களில் இருந்தும் பெண்கள் பிளவுஸ் தைக்கக் கொண்டு வருவார்கள். போட்டுப் பார்ப்பதற்காக உள் அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டியிருக்கிறேன். இருபது வருடத் தொழிலில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். புது பிளவுஸைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிற பெண், முதலில் பிளவுஸைப் பார்ப்பதில்லை. ஓரடி முன்னே போய் முகத்தைப் பார்ப்பாள். மூக்கைத் தொடுவாள், கன்னத்தை இழுத்துப் பார்ப்பாள். அப்புறம்தான் 'கை கொஞ்சம் லூஸா இருக்குக்கா' என்பாள். பதினெட்டு வயசும் அப்படித்தான், ஐம்பத்தைந்து வயசும் அப்படித்தான்.

என் மகளுக்கு அந்தக் கண்ணாடி போதவில்லை. அவளுக்கு போன் இருக்கிறது.

அப்போது அவள் பென்னாகரத்தில் காலேஜ் இரண்டாம் வருடம். ஒரு ராத்திரி நான் ஹுக் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினாள். தன் மூக்கை மட்டும் படம் எடுத்து, இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி வைத்திருந்தாள். "பாரும்மா, பலாப்பழத் தோல் மாதிரி இருக்கு. எவ்வளவு ஓட்டை!" நிலாவைப் படம் எடுத்த மாதிரி இருந்தது எனக்கு. சிரித்துவிட்டேன்.

சிரித்திருக்கக் கூடாது. ஏனென்றால் அது என் மூக்கு. என்னிடம் இருந்து அவளுக்குப் போனது.

எனக்கும் நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழியும், கன்னம் காய்ந்துபோகும். மார்கழி, தை மாதத்தில் கன்னம் சாம்பல் பூத்து வெள்ளை வெள்ளையாக உரியும். அதே நேரத்தில் மூக்கு மட்டும் விளக்கு மாதிரி மின்னும். இதற்கு காம்பினேஷன் ஸ்கின் என்று ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்கு நாற்பது வயதில்தான் தெரியும். எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் இல்லை. பேச்சு மட்டும் இருந்தது. என்னை முதன்முதலில் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர் காபி டம்ளரை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டே, "பொண்ணு மூஞ்சி எலுமிச்சங்காத் தோலாட்டம் இருக்குதே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. துணிக்கடையில் புடவையைத் தொட்டுப் பார்த்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அந்த இடம் அமையவில்லை. நகைப் பேச்சில் முறிந்தது என்றார் அப்பா. என் மூக்கால்தான் முறிந்தது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வரன் வருவதற்குள் சரி செய்துவிட வேண்டும் என்று, எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி, சர்க்கரையில் தோய்த்து, மூக்கிலும் கன்னத்திலும் தேய்தேய் என்று தேய்த்தேன். அது மாசி மாதம், புளி தட்டுகிற காலம். முகத்தைக் கழுவாமல் அப்படியே வாசல் வெயிலில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை புளி தட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் கன்னம் தீயில் காட்டிய மாதிரி எரிந்தது. அதற்கடுத்த வாரம், சாறு வழிந்த இடமெல்லாம் கோடு கோடாகக் கறுத்துவிட்டது. எலுமிச்சைச் சாற்றில் இருக்கிற ஒரு பொருள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும் என்பதை ரொம்ப வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கறுப்புக் கோட்டோடுதான் மாலை போட்டுக்கொண்டேன். கல்யாண போட்டோவில் பவுடருக்கு அடியில் இன்னும் தெரியும். "பொண்ணு பாக்க வந்தப்ப என் மூஞ்சியைப் பாத்தீங்களா?" என்று ஒருநாள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "எங்கப்பா மண்டபத்துக்கு எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டுட்டிருந்தாரு, அதைக் கேட்டுட்டிருந்தேன்" என்றார்.

இவ்வளவு பட்டவள் நான். என் மகள் அதே கேள்வியோடு வந்து உட்கார்ந்தபோது இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு, ஹுக்கைக் கட்டப் போய்விட்டேன்.

அவள் போனிடம் கேட்டுக்கொண்டாள். போன் சிரிக்காது இல்லையா.

முதலில் முட்டை வெள்ளைக்கரு. பிறகு சமையல் சோடா. பிறகு டூத் பேஸ்ட். மூக்கில் ஒட்டிப் பிய்க்கிற பட்டை ஒன்று ஆன்லைனில் வந்தது. அதைப் பிய்த்ததும் முள் முள்ளாக ஒட்டியிருந்ததைப் பார்த்து அவளுக்கு ஒரே சந்தோஷம். மூன்று வாரத்தில் மறுபடி அதே மூக்கு. ஐஸ் கட்டியும் தேய்த்தாள். இதற்கு நடுவே ஒரு நாளைக்கு ஐந்து முறை சோப்புப் போட்டு முகம் கழுவினாள். கன்னம் வெடித்தது. மூக்கு எப்போதும்போல் மின்னியது.

எங்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். புழங்குவதற்கு போர் தண்ணீர். பாத்திரத்தில் வைத்துக் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படியும். சோப்பு நுரைக்காது, நுரைக்காத சோப்பு தோலில் இருந்து முழுசாகப் போகவும் செய்யாது, வழவழவென்று ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். குடிப்பதற்கு ஒகேனக்கல் தண்ணீர். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதற்காகவே கொண்டுவந்த திட்டம் அது. 2013-ல் தண்ணீர் வந்தது. அதற்கு முன்பு வளர்ந்தவர்களின் பற்களைப் பார்த்தாலே எந்த ஊர்த் தண்ணீர் குடித்தார்கள் என்று சொல்லிவிடலாம். என் மாமியாரின் பல் முழுக்கப் பழுப்புக் கறை. இன்றைக்கும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார்.

மகள் குடிநீர்க் குடத்தில் இருந்து ஒரு சொம்பு மொண்டு முகம் கழுவியதை அத்தை பார்த்துவிட்டார். "குடிக்கிற தண்ணியில மூஞ்சி கழுவறயா? இந்தத் தண்ணிக்கு நாங்க எத்தனை வருசம் காத்திருந்தோம் தெரியுமா?" என்று ஒரு சத்தம். அன்றைக்கு வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டியூப் வந்தது.

அவளோடு படிக்கிற பெண் ஒருத்தி ஹாஸ்டலில் எல்லோரும் போடுகிறார்கள் என்று கொடுத்தாளாம். சின்ன டியூப். நூறு ரூபாய்க்கு உள்ளேதான் விலை. ராத்திரி படுக்கும்போது மெல்லிசாகப் பூசிக்கொள்வாள். பத்தே நாளில் முகம் உரித்த முட்டை மாதிரி ஆகிவிட்டது. பரு இல்லை, சிவப்பு இல்லை, மூக்கில் குழி கூடத் தெரியவில்லை. நிறமும் ஒரு படி ஏறின மாதிரி. தண்ணீர் பிடிக்கப் போனால், பால் வாங்கப் போனால், "பாப்பா என்ன போடுது?" என்று என்னைத்தான் கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பப் பெருமையாக இருந்தது.

முதல் டியூப் தீர்ந்தபோது, "அம்மா, கடைக்குப் போனா இதை வாங்கிட்டு வா" என்று காலி டியூபைக் கையில் கொடுத்தாள். நான் போய் வாங்கி வந்தேன். மருந்துக்கடையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாவதையும் நான்தான் வாங்கினேன். அதோடு விடவில்லை. பிளவுஸ் கொடுக்க வந்தவர்களில் இரண்டு பேருக்கு அந்தப் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஒருவர் நாகமரைப் பக்கத்தில் இருந்து வருகிற அக்கா, கன்னத்தில் மங்கு விழுந்திருந்தது. இன்னொன்று, கல்யாணம் நிச்சயமான பெண். அவளுடைய முகூர்த்த பிளவுஸே என்னிடம்தான் தையலில் இருந்தது.

நான்காவது மாதம், சேலத்தில் உறவுக்காரர் வீட்டு விசேஷம். மகள் டியூபை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தாள். இரண்டாம் நாள் காலை முகம் சிவந்து வீங்கியிருந்தது. மூன்றாம் நாள் கன்னம், தாடை எல்லாம் சின்னச் சின்னக் கொப்புளம். பஸ் ஸ்டாண்ட் வெயிலில் நிற்க முடியாமல் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்து டியூபைப் பூசியதும் ஒரே ராத்திரியில் அடங்கிவிட்டது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'எவ்வளவு நல்ல மருந்து!' என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒருநாள் தலை வாரிவிடும்போது, கன்னத்தில் பூனை முடி அடர்த்தியாக வளர்ந்திருப்பதைப் பார்த்தேன். கிட்டத்தில் பார்த்தால் சிவப்பு நூல் மாதிரி ரத்த நரம்புகள் தெரிந்தன. டீயின் ஆவி பட்டால்கூட எரிகிறது என்றாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை பூசினது போய், ஒரு நாளைக்கு இரண்டு முறை ஆகியிருந்தது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டோம்.

தோல் பிரிவில் நல்ல கூட்டம். எங்கள் முறை வந்ததும் டாக்டரம்மா மகளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "என்ன க்ரீம் போட்ட?" என்றார். அவள் குனிந்துகொண்டாள். நான் பையில் இருந்து டியூபை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் டியூபைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"யார் எழுதிக் கொடுத்தது?"

"யாரும் இல்லீங்க."

"யார் வாங்கினது?"

"நான்தாங்க."

திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னைக்கு இதே மாதிரி வர்ற மூணாவது முகம்மா" என்றார். பின்னால் அவ்வளவு பேர் நின்றுகொண்டிருந்தும், உட்கார வைத்துச் சொன்னார்.

டியூபில் இருந்தது ஸ்டீராய்டு. கூடவே தோலை வெளுக்க வைக்கிற மருந்தும் இருந்தது. ஸ்டீராய்டு தோலில் இருக்கிற ரத்தக் குழாய்களைச் சுருக்கும், சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும். அதனால்தான் முதல் பத்து நாள் முகம் வழுவழுவென்று வெளுத்துத் தெரிகிறது. தொடர்ந்து போட்டால் தோல் காகிதம் மாதிரி மெலிந்துவிடும், நரம்பு தெரியும், பரு வெடிக்கும், முடி வளரும். நிறுத்தினால், அடக்கி வைத்தது எல்லாம் மொத்தமாகப் பொங்கும். பொங்குவதை அடக்க மறுபடி அதையே பூசத் தோன்றும். முன்கைத் தோலைவிட நெற்றித் தோல் இந்த மருந்தைச் சுமார் 6 மடங்கு அதிகமாக உள்ளே இழுக்குமாம். கையில் பூசினால் ஒன்றும் ஆகவில்லையே என்று முகத்தில் பூசக் கூடாது என்பது அதனால்தான். நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் இந்த நிலைக்கு 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மருந்துகளின் களிம்புகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஹெச் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அட்டையில் சிவப்புக் கோடும் 'ஆர்எக்ஸ்' என்ற குறியும் இருக்கும். எங்கள் டியூபின் அட்டையிலும் இருந்தது. நான் மூன்று முறை அந்த அட்டையைக் கையில் பிடித்திருக்கிறேன்.

"உள்ளே என்ன இருக்குன்னு பொடி எழுத்துல போட்டிருப்பான். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன்... இந்த மாதிரிப் பேரு இருந்தா நாங்க சொல்லாம முகத்துல வைக்காதீங்க" என்றார். ஸ்டீராய்டு விஷம் இல்லை என்பதையும் அவரே சொன்னார். என் அத்தையின் காலில் வருடா வருடம் வருகிற கரப்பானுக்கு டாக்டர் இதே வகை மருந்தைப் பத்து நாளைக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்து, நன்றாகவே கேட்டிருக்கிறது.

கடைசியில் மகள் வாயைத் திறந்தாள். "மூக்குல இருக்கிற ஓட்டை மூடணும்னுதான் மேடம் போட்டேன்."

டாக்டரம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு என் சிரிப்பு மாதிரி இல்லை. "அது ஓட்டை இல்லம்மா. முடி முளைக்கிற வழி. அது வழியாத்தான் எண்ணெயும் வெளியே வருது. கதவு மாதிரி திறந்து மூட அதுல தசை எதுவும் கிடையாது" என்றார். அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு மகள் படித்துச் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 எண்ணெய்ச் சுரப்பிகள் வரை இருக்கலாம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூட இல்லை. நெற்றி, மூக்கு, தாடையில் சுரப்பி பெரிது, வேலையும் அதிகம். கன்னத்தில் குறைவு. அதனால்தான் ஒரே முகத்தில் ஓர் இடம் எண்ணெய், ஓர் இடம் வறட்சி. எண்ணெய் அதிகம் சுரக்கிற இடத்தில் துளை பெரிதாகத் தெரியும். வயதாகி, வெயில் பட்டு, சுற்றியிருக்கிற தோல் தளர்ந்தாலும் பெரிதாகத் தெரியும். அப்பா அம்மாவிடம் இருந்து வருவதும் உண்டு. இதை அவர் சொன்னபோது என் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஆவி பிடித்தால் துளை திறக்காது, ஐஸ் வைத்தால் மூடாது. பட்டையில் ஒட்டி வந்த முள் முள்ளானது அழுக்கு இல்லை. எண்ணெயும் செத்த செல்லும் சேர்ந்த திரி. எல்லோர் மூக்கிலும் இருக்கும், பிய்த்தாலும் திரும்ப நிரம்பும். கழுவக் கழுவ எண்ணெய் நின்றுவிடாது. சுரப்பி உள்ளே இருக்கிறது, மேலே நாம் எத்தனை முறை சோப்புப் போட்டோம் என்று அதற்குத் தெரியாது.

"அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதா மேடம்?"

"பளிச்சுனு தெரியாம குறைக்கலாம். இல்லாம பண்ண முடியாது. முதல்ல இந்த முகத்தை எரியாம ஆக்கலாம்" என்றார்.

அதற்கு ஏழு மாதம் ஆனது. ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க ஒரு முறை எழுதிக் கொடுத்தார். பருவுக்கு மாத்திரை. மற்றபடி முகத்தில் மாய்ஸ்சரைசர், சன் ஸ்க்ரீன், வேறு எதுவும் கூடாது. கடலை மாவுகூட கூடாது. முதல் இரண்டு மாதம் நரகம். அவள் கண்ணாடி இருக்கிற அறைக்கே வர மாட்டாள். மாஸ்க் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போனாள். மதியச் சாப்பாட்டைச் சில நாள் அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிடுவாள். ஏன் சாப்பிடவில்லை என்றால் பசிக்கவில்லை என்பாள். சாப்பிட மாஸ்க்கைக் கழற்ற வேண்டுமே என்று எனக்கு உறைத்தது, ரொம்ப நாள் கழித்து.

அந்த நாட்களில் அத்தைதான் ஒருநாள் ஒகேனக்கல் தண்ணீரை ஒரு சொம்பு மொண்டு, அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றில் இருந்து போர் தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசியாக அலசுவதற்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர் என்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

பணக் கணக்கையும் சொல்ல வேண்டும். டாக்டருக்கும் மாத்திரைக்கும் செலவில்லை. சன் ஸ்க்ரீன்தான் கடித்தது. ஒரு டியூப் இரண்டு பிளவுஸ் தையல் கூலி. அதுவும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்துக்குப் போட வேண்டுமாம்; பொட்டு மாதிரி வைத்தால் பலன் இல்லையாம். ஒரு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. எஸ்பிஎஃப் 30 இருந்தால் போதும், விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்றில்லை என்று டாக்டர் சொன்னதால், எண்ணெய்ப் பசை இல்லாத ஜெல் மாதிரியானது ஒன்றைப் பிடித்துக்கொண்டோம். எட்டு மணி பஸ்ஸுக்கு நிற்கும்போதே சுள்ளென்று அடிக்கிற எங்கள் ஊர் வெயிலுக்குக் குடையும் பிடிக்கிறாள்.

தோல் தேறின பிறகு மூக்குக்கு வந்தோம். காலையும் மாலையும் இரண்டே முறை கழுவல். சாதாரண சோப்பின் காரத்தன்மை 9, 10 இருக்கும், நம் தோல் 5-ஐ ஒட்டி லேசான அமிலத்தன்மையோடு இருக்கும் என்பதால், 'சோப்பு இல்லாத சோப்பு' ஒன்றை எழுதிக் கொடுத்தார். இந்தப் பெயரை அத்தை இன்னும் நம்பவில்லை. கழுவின ஈரத்தோடு கன்னத்துக்குச் சற்று அழுத்தமாகவும், மூக்கு நெற்றிக்கு மெல்லிசாகவும் மாய்ஸ்சரைசர். 'எண்ணெய் வழியற மூஞ்சிக்கு எதுக்குக் க்ரீம்?' என்று நானும் கேட்டேன். எண்ணெய் வேறு, தோலில் தங்க வேண்டிய ஈரப்பதம் வேறு என்றார். வாரத்தில் இரண்டு ராத்திரி, மூக்கிலும் தாடையிலும் மட்டும் 2 சதவிகித சாலிசிலிக் ஆசிட். அது எண்ணெயில் கரைகிற பொருள் என்பதால் துளைக்குள் போய் அடைப்பை இளக்குமாம். கன்னத்தில் பட்டால் காய்ந்துபோகும். ஒரே முகத்துக்கு இரண்டு விதமான சிகிச்சை என்பது எனக்குச் சட்டென்று புரிந்தது. பிளவுஸில் முதுகுக்கு ஓர் அளவு, கைக்கு ஓர் அளவு இல்லையா. நயாசினமைடு 5 சதவிகிதம் பின்னால் சேர்த்தார். மூன்று மாதம் போட்டால்தான் தெரியும் என்றார், அப்படித்தான் தெரிந்தது. ராத்திரி போடுகிற அடாபலீன் ஜெல்லைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், "கல்யாணமாகி கர்ப்பமாகுற யோசனை இருந்தா இதைப் போடக் கூடாது, எங்ககிட்ட சொல்லணும்" என்று இரண்டு முறை சொன்னார். எங்கள் வீட்டுக்குச் சரியாக வந்தது என்பதற்காக இதை நீங்களும் அப்படியே வாங்கிப் போட வேண்டாம். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து நான் பட்டது போதும்.

பயத்தம் மாவுக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டேன். வாரம் ஒருமுறை, தேய்க்காமல், குழைத்துத் தடவி ஐந்து நிமிடத்தில் கழுவிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அத்தைக்கு அதில் ஒரு வெற்றி.

மகளின் மூக்கில் இன்றைக்கும் குழி இருக்கிறது. கிட்டே போனால் தெரியும். அவளே ஒருநாள் ஒரு செய்தியைப் படித்துவிட்டு வந்தாள். ஓரடி தூரத்தில் எடுக்கிற செல்ஃபியில், ஐந்தடி தூரத்தில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவிகிதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்காவில் டாக்டர்கள் 2018-ல் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். என்னை வாசலில் நிறுத்தி, டேப்பால் ஓரடியும் ஐந்தடியும் அளந்து, இரண்டு போட்டோ எடுத்துக் காட்டினாள். உண்மைதான். அதோடு அவளுடைய போனில், வாங்கின நாளில் இருந்தே முகத்தை வழுவழுப்பாக்குகிற ஃபில்டர் ஒன்று தானாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. தோழிகளோடு எடுத்த படத்தில் எல்லோர் முகமும் மாவு பிசைந்த மாதிரி இருந்ததும், தன் மூக்கை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தபோது நிலா மாதிரி இருந்ததும் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஃபில்டரை அணைத்துவிட்டாளா என்று கேட்காதீர்கள். சில நாள் அணைக்கிறாள், சில நாள் போடுகிறாள்.

அந்தத் துண்டுச் சீட்டுகளுக்கு வருகிறேன்.

மருத்துவமனைக்குப் போய் வந்த மறுநாளே நாகமரை அக்காவுக்கு போன் செய்தேன். அவர் ஐந்து வாரம்தான் பூசியிருந்தார். "எரியுதுன்னு நானே விட்டுட்டேன் கண்ணு. சொன்னா நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான் சொல்லல" என்றார். மங்குக்குத் தனியாக டாக்டரைப் பார்த்துக்கொண்டார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இன்றைக்கும் அவர் பிளவுஸுக்கு நான் கூலி வாங்கினால் மனசு உறுத்துகிறது. வாங்காவிட்டால் அவர் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

கல்யாணப் பெண் வீட்டுக்கு நேரில் போனேன். முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. வாசலில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் வெளியே வந்தபோது முகம் விளக்கு மாதிரி இருந்தது. எனக்கு வயிற்றில் கல் விழுந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் மகளின் படத்தையும் காட்டினேன். அவளுடைய அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப நிறுத்தினா என்ன ஆகும்?" என்றார். "கொஞ்ச நாள் சிவந்து, பொங்கும்ங்க. டாக்டர்கிட்ட போனா குறைப்பாங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

"மணமேடையில பொங்கினா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

"நீதானம்மா சொன்ன? நீ சொல்லித்தானே வாங்கினோம்? கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். நான் பிளவுஸைக் கொடுத்துவிட்டு வந்தேன். கல்யாணத்துக்கும் போனேன். போட்டோகிராபர், "பொண்ணுக்கு மேக்கப்பே வேண்டாம்போல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பந்தியில் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு சில மாதம் அவளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. புருஷன் வீடு ஒட்டனூர்ப் பக்கம். போன வாரம் மத்தியானத்தில் திண்ணையில் நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், துப்பட்டாவைக் கண் வரைக்கும் சுற்றிக்கொண்டு அவள் நிற்கிறாள். கையில் ஒரு புடவைப் பை. உள்ளே வந்ததும் கண்ணாடி இருக்கிற அறைக்குப் போகாமல், மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து துப்பட்டாவை இறக்கினாள். நான் ஏற்கெனவே பார்த்த முகம்தான்.

"மாமியார் ஊட்டுல, 'கல்யாணத்தப்ப ஒரு மூஞ்சி, இப்ப ஒரு மூஞ்சியா'ன்னு கேக்கறாங்கக்கா" என்றாள்.

என் மகள் அப்போது வீட்டில்தான் இருந்தாள். உள்ளே இருந்து வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் போனில் இருந்த பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். முதல் மாதம், இரண்டாவது மாதம், நான்காவது மாதம். மாஸ்க்குக்குள் அழுதுகொண்டே எடுத்ததாம். அந்தப் படங்களை நானே அதுவரை பார்த்ததில்லை. கன்னத்தில் எரிகிறதா, ஆவி பட்டால் எப்படி இருக்கிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை பூசுகிறாய் என்று இவளே டாக்டர் மாதிரி கேட்டாள். கர்ப்பமாக இருக்கிறாயா என்றும் கேட்டாள். நாள் தள்ளிப் போயிருக்கிறது, இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்றாள் அந்தப் பெண். "அப்ப அதை முதல்ல டாக்டர்கிட்ட சொல்லணும்க்கா, மறந்துடாதீங்க" என்றாள் மகள்.

வரும் புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் தர்மபுரி போகிறோம். வீட்டில் பிளவுஸ் அளவு கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறாளாம். மாமியார் சந்தேகப்படாமல் இருக்க, அவள் கொண்டுவந்த புடவைக்கு செவ்வாய்க்கிழமைக்குள் நான் பிளவுஸைத் தைத்து முடித்துவிட வேண்டும்.